65 சதவீதம் என்றால் எந்த இரைச்சலில்? காக்ளியர் இம்ப்ளாண்ட் பேச்சுச் சோதனைகள் ஒரு மதிப்பீடு

"இரைச்சலில் வாக்கியம்: 65 சதவீதம்." காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) பயனரின் அறிக்கையில் இந்த ஒரு வரி மட்டும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த வாக்கியங்கள், பின்னணியில் எத்தனை பேர் பேசுகிறார்கள், பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே, ஸ்பீக்கர் எந்தப் பக்கம், ப்ராசசரில் (வெளியே அணியும் ஒலிச் செயலி) எந்த ப்ரோக்ராம் ஓடியது? இவற்றில் ஒன்று மாறினாலும் அதே 65 முப்பதாகும், எண்பத்தைந்தும் ஆகும். ஆடியாலஜி மையங்களில் அதிகம் புழங்கும் சோதனைத் தொகுப்புகளை இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோட வேண்டும். எது நல்ல சோதனை என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எது பதில் தரும் என்று கேட்பது பயன் தரும்.

அமைதியான அறையில் நன்றாகக் கேட்பவர் கூட்டத்தில் தடுமாறுவதற்கான அடிப்படைக் காரணம் மின்முனை வரிசையில் இருக்கிறது. தயாரிப்பைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள் இருந்தாலும், மின்னோட்டம் காக்ளியாவின் (உள்காதின் நத்தை வடிவச் சுருள்) திரவத்தில் பரவி அக்கம்பக்கத்து நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. அதனால் உண்மையில் தனித்தனியாக இயங்கும் வழிகள் சுமார் எட்டைத் தாண்டுவதில்லை. அமைதியில் எட்டு வழிகள் போதும், இரைச்சலில் போதாது. இயல்பான காது, பின்னணிப் பேச்சு ஒரு கணம் தணியும் இடைவெளியில் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். இம்ப்ளாண்ட் வழியாகக் கேட்பவருக்கு அந்த லாபம் அநேகமாகக் கிடைப்பதில்லை. எனவே, இயல்பான செவித்திறன் உள்ளவர்களுக்காகத் தயாரித்த சோதனை இவர்களிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஹின்ட்: ஓய்வு கொடுக்கலாம்

1994-இல் வெளிவந்த ஹின்ட் சோதனையில் இரைச்சல் 65 டெசிபல்-ஏ (காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய டெசிபல்) அளவில் நிலையாக இருக்கும். கேட்பவர் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் அடுத்த வாக்கியத்தின் அளவு குறையும், தவறினால் கூடும். முதல் சில வாக்கியங்களுக்கு 4 டெசிபல் படி, பிறகு 2 டெசிபல் படி. வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. இம்ப்ளாண்ட் மையங்கள் இதே வாக்கியங்களை அமைதியில் ஒலிக்கவிட்டுச் சதவீதம் எடுக்கத் தொடங்கியதில்தான் சிக்கல் வந்தது. வாக்கியங்கள் எளியவை, பேசுபவர் ஒருவர், உச்சரிப்பு தெளிவு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இம்ப்ளாண்ட் பயனர்களில் 28 சதவீதம் பேர் ஹின்ட் வாக்கியங்களில் அமைதியில் முழு மதிப்பெண் எடுத்தார்கள். அடுத்துப் பார்க்கப்போகும் அஸ்பயோ சோதனையின் வாக்கியங்களில் அப்படி எடுத்தவர்கள் 0.7 சதவீதம் மட்டுமே. நூற்றுக்கு நூறு எடுத்தவருக்கு மேப்பிங்கை (மின்முனைகளின் மின்னோட்ட எல்லைகளை அவருக்கென அமைப்பது) மாற்றியதால் பலன் கிடைத்ததா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பழைய அறிக்கையில் ஹின்ட் 98 என்றும் புதிய அறிக்கையில் அஸ்பயோ 74 என்றும் இருந்தால் கேட்கும் திறன் இறங்கிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்.

அஸ்பயோ: நல்ல பொருள், சீக்கிரம் தீர்ந்துவிடும்

நான்கு பேச்சாளர்கள், அவர்களில் இருவர் ஆண்கள், இருவர் பெண்கள். சாதாரண உரையாடல் வேகம், யூகிக்க அதிகம் இடம் தராத வாக்கியங்கள், பின்னணியில் பத்துப் பேர் பேசும் சலசலப்பு. ஒரு பட்டியலுக்கு 20 வாக்கியங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண். அமைதியில் பேச்சை 60 டெசிபல்-ஏ அளவில் வைத்துத் தொடங்குவது வழக்கம். பெரியவர்களுக்கான குறைந்தபட்சப் பேச்சுச் சோதனைத் தொகுப்பின் 2011 திருத்தத்தில் ஹின்ட் இருந்த இடத்துக்கு இது வந்ததில் வியப்பில்லை.

பலவீனம் இரண்டு. ஒன்று, இங்கே எஸ்.என்.ஆர். (பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள டெசிபல் வித்தியாசம்) நிலையானது. பேச்சு இரைச்சலைவிட 10 டெசிபல் உரக்க இருந்தால் +10, ஐந்து என்றால் +5. திறமையான பயனருக்கு +10 எளிதாகிவிடும். தடுமாறுபவருக்கு +5-இல் பூஜ்யத்தை ஒட்டிய எண் வரும். இரண்டு கோடியிலும் முன்னேற்றம் தெரியாது. முதல் வருகையிலேயே 30-க்கும் 70-க்கும் நடுவில் மதிப்பெண் விழும் எஸ்.என்.ஆரைத் தேடிப் பிடித்து, அடுத்தடுத்த வருகைகளிலும் அதையே பயன்படுத்த வேண்டும். அவர் முன்னேறி 85-ஐத் தாண்டினால் அப்போது இரண்டு எஸ்.என்.ஆரிலும் ஒருமுறை எடுத்துப் புதியதற்கு மாறலாம். மதிப்பெண் நன்றாக வரட்டும் என்று சத்தமில்லாமல் எளிய எஸ்.என்.ஆருக்குத் தாவுவது கணக்கைக் கெடுக்கும்.

இரண்டாவது, கையிருப்பு. வணிகத் தொகுப்பில் 15 பட்டியல்கள். வலது காது, இடது காது, இரண்டும் சேர்த்து என மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் அமைதி, இரைச்சல் என இரண்டு. இரைச்சலுக்கு நம்பகமான எண் வேண்டுமென்றால் இரண்டு பட்டியல் சராசரி. ஒரே வருகையில் ஒன்பது பட்டியல் போய்விடும். வாக்கியங்கள் கொஞ்சம் விசித்திரமானவை என்பதால் நினைவிலும் தங்கும். யாருக்கு எந்தப் பட்டியல் எப்போது ஒலித்தது என்று கோப்பில் குறித்து வைக்காத மையத்தில், இரண்டாம் ஆண்டு முதல் காட்டும் 'முன்னேற்றத்தில்' ஒரு பங்கு ஞாபகசக்தியுடையது.

பி.கே.பி-சின்: கையடக்கமானது, ஆனால் ஒரு பொறி உண்டு

நேரம் குறைவாக இருக்கும் மையத்துக்கு முதல் பரிந்துரை இதுதான். 2005-இல் வந்த இந்தச் சோதனையில் குழந்தைகளுக்கும் புரியும் எளிய வாக்கியங்கள், பின்னணியில் நால்வர் பேச்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எஸ்.என்.ஆர். 3 டெசிபல் இறங்கிக்கொண்டே போகும். 18 பட்டியல் ஜோடிகளில் முதல் எட்டு +21-இல் தொடங்கி −6 வரை இறங்கும். 9 முதல் 18 வரையிலான ஜோடிகள் பூஜ்யத்தோடு நின்றுவிடும். இம்ப்ளாண்ட் பயனர்களுக்கு உரியவை இவையே. முதல் ஜோடிகளை எடுத்தால் கடைசி இரண்டு வாக்கியங்கள் பெரும்பாலானவர்களுக்கு வெறும் சோர்வுதான்.

மதிப்பெண் கணக்கு எளிது. முதல் வாக்கியத்தில் நான்கு முக்கியச் சொற்கள், மற்றவற்றில் மூன்று. சரியாகச் சொன்ன சொற்களைக் கூட்டி 23.5-இலிருந்து கழித்தால், பாதிச் சொற்கள் பிடிபடும் எஸ்.என்.ஆர். கிடைக்கும். எட்டு வாக்கியப் பட்டியலில் மொத்தம் 25 சொற்கள். 16 சரி என்றால் விடை +7.5 டெசிபல். ஜோடியின் இரண்டு பட்டியல்களையும் எடுத்துச் சராசரி போட வேண்டும். இயல்பான செவித்திறன் உள்ள பெரியவர்களுக்கு இது −2.5 அளவில் இருக்கும். எண் குறைந்தால் நல்லது என்பதை வீட்டாருக்கு ஒருமுறை விளக்கிவிடுவது அவசியம். சதவீதத்துக்குப் பழகியவர்கள் 9 எட்டாகக் குறைந்தால் கவலைப்பட்டு நிற்பார்கள்.

இனி அந்தப் பொறி. ஒரு சொல்கூடச் சரியாக வராவிட்டாலும் இந்தச் சூத்திரம் 23.5 என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். நான்கு சொல் வந்தால் 19.5. பார்ப்பதற்கு அளவீடு போலவே இருக்கும், ஆனால் அளவீடு அல்ல. +21 டெசிபலில் இரைச்சல் பெயருக்குத்தான் இருக்கிறது. அங்கேயே சொற்கள் தவறுகின்றன என்றால் பிரச்சினை இரைச்சலில் இல்லை; அடிப்படையான சொல் உணர்வில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாக்கியங்களிலேயே சொற்கள் சிதறினால் டெசிபல் எண்ணை எழுதாமல், 'இரைச்சல் சோதனைக்கு இன்னும் உகந்த நிலையில்லை, அமைதியில் இத்தனை சதவீதம்' என்று எழுதுவதே நேர்மை. மறுகோடியில், எல்லாச் சொல்லும் சரியாக வந்தாலும் எட்டு வாக்கியப் பட்டியல் −1.5-க்குக் கீழே போகாது. அப்படிப்பட்ட அபூர்வப் பயனருக்கு முதல் எட்டு ஜோடிகளை எடுக்கலாம்.

குவிக்சின் இதன் அண்ணன் முறை. ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கியச் சொற்கள், 25-இலிருந்து பூஜ்யம் வரை 5 டெசிபல் படிகள். வாக்கியங்கள் கடினமானவை, அர்த்தத்தை வைத்து யூகிக்க முடியாதவை. காதுக்கருவி அணிபவர்களுக்கு நல்ல சோதனை. பெரும்பாலான இம்ப்ளாண்ட் பயனர்களுக்கு இது கூடுதல் கடினம்.

மேட்ரிக்ஸ்: அமைப்புகளை ஒப்பிட இதுவே சிறந்தது

பெயர், வினை, எண், அடைமொழி, பொருள் என்ற ஐந்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துச் சொற்கள். கலந்து அடுக்கினால் ஒரு லட்சம் வாக்கியங்கள். 1982-இல் ஸ்வீடிஷ் மொழியில் தொடங்கிய இந்த யோசனை இன்று பல மொழிகளில் இருக்கிறது. அவற்றில் ஜெர்மன் மொழியின் ஓல்சா பிரபலம். வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும் என்ற கவலையே இல்லை. இரைச்சல் குறைப்பு வசதியைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை, புது மேப்பில் ஒருமுறை என்று ஒரே நபரிடம் திரும்பத் திரும்ப எடுக்க இதைவிட வசதியான கருவி இல்லை.

ஆனால் பழக்க விளைவைக் கழிக்காமல் எண்ணைத் தொடக்கூடாது. ஐம்பது சொற்களும் பரிச்சயமாகும் வரை வரம்பு (பாதிச் சொற்கள் பிடிபடும் எஸ்.என்.ஆர்.) ஒன்றிரண்டு டெசிபல் தானாக மேம்பட்டுக்கொண்டே வரும். 20 வாக்கியப் பட்டியல்கள் இரண்டைப் பயிற்சிக்காகவே ஒதுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் 'பழைய அமைப்பு' முதலிலும் 'புதிய அமைப்பு' பிறகும் எடுக்கப்பட்டால் எப்போதும் புதியதுதான் ஜெயிக்கும். விற்பனைச் செயல்விளக்கங்களில் வரிசை எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எஸ்.என்.ஆர். ஏறி இறங்கி 50 சதவீதப் புள்ளியைத் தேடும் எந்த முறையும், அமைதியிலேயே பாதிச் சொற்களைப் பிடிக்க முடியாதவரிடம் நிலைகொள்ளாது. எஸ்.என்.ஆர். ஏறிக்கொண்டே போய் எங்கோ முட்டி நிற்கும். மென்பொருள் அப்போதும் ஒரு சராசரியைத் துப்பும். ஏற்ற இறக்க வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் கடைசி எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது ஆபத்து.

அறையில் கெடுவதுதான் அதிகம்

எந்தச் சோதனையை வாங்கினாலும் பாதிப் பிழை காலிப்ரேஷனில் (ஒலி அளவை அளந்து சரியாக அமைப்பதில்) நுழைகிறது. பயனர் உட்காரும் நாற்காலி காலியாக இருக்கும்போது, தலை வரும் இடத்தில், காது உயரத்தில் சவுண்ட் லெவல் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில், அதே உயரத்தில். பேச்சு ஒரு சேனலிலும் இரைச்சல் மறு சேனலிலும் பதிவாகியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது மீட்டர் காட்டுவது கூட்டுத்தொகை. 60-உம் 60-உம் சேர்ந்தால் 63 காட்டும். 60-உம் 55-உம் சேர்ந்தால் 61-ஐச் சற்றுத் தாண்டும். இதைப் பார்த்து யாராவது குமிழைத் திருகினால் எஸ்.என்.ஆர். போயிற்று. தூய 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அறைக்குள் விட்டு அளந்தால் நிலையலைகள் காரணமாக மீட்டரைச் சற்று நகர்த்தினாலே எண் மாறும். தொகுப்போடு வரும் இரைச்சல் வடிவக் காலிப்ரேஷன் ஒலியோ வார்பிள் ஒலியோ (அதிர்வெண் சற்றே ஏறி இறங்கும் ஒலி) இருந்தால் அதைப் பயன்படுத்துவது மேல். ஆடியோமீட்டர் டயலில் இருக்கும் எண் டெசிபல்-எச்.எல். (இயல்பான காதின் வரம்பைப் பூஜ்யமாகக் கொண்ட அளவு); மீட்டர் காட்டுவது டெசிபல்-ஏ. இரண்டையும் ஒன்றாக நினைத்து 60 வைத்தால் பேச்சு தேவைக்கு மேல் உரத்து, ப்ராசசரின் ஒலியழுத்தி (உரத்த ஒலியைத் தணிக்கும் பகுதி) வேலையைத் தொடங்கிவிடும்.

பேச்சும் இரைச்சலும் ஒரே ஸ்பீக்கரில் வரும்போது தலை சற்று நகர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே மாறும், எஸ்.என்.ஆர். தப்பிக்கும். பேச்சு முன்னாலும் இரைச்சல் பின்னாலும் இருந்தால் கதை வேறு. ஒரு மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் முன்னே சாய்ந்தால் முன்ஸ்பீக்கர் 0.9 டெசிபல் கூடும், பின்ஸ்பீக்கர் 0.8 டெசிபல் குறையும். எதிரொலி இல்லாத நிலையில் எஸ்.என்.ஆர். 1.7 டெசிபல் நல்லதாகிவிடும். கவனமாகக் கேட்பவர்கள் முன்னே சாய்வது இயல்பு என்பதால் தலைசாய்ப்பு உள்ள நாற்காலி ஆடம்பரமல்ல.

சோதனைக்கு முன் ப்ராசசரைப் பார்க்கத் தவறினால் மேலே சொன்ன அக்கறையெல்லாம் வீண். மைக்ரோஃபோன் மூடி அழுக்கேறியிருந்தால் அதிக அதிர்வெண்கள் மங்கி, 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் முதலில் காணாமல்போகும். ப்ராசசர் அணிந்த நிலையில் வார்பிள் ஒலி வரம்புகள் 250 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை 20–30 டெசிபல்-எச்.எல். அளவில் இருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு வாக்கியத்துக்குப் போகலாம். மறுகாதில் மிச்சக் கேட்டல் இருந்தால் பஞ்சு போதாது; நுரையடைப்பான், அதன்மேல் காதுமூடி. அப்போதும் நல்ல செவித்திறன் உள்ள மறுகாது ஒலியைப் பிடித்துவிடும் என்பதால், ஒருபக்கச் செவியிழப்பு உள்ளவர்களுக்கு நேரடி ஸ்ட்ரீமிங் மூலம் ஒலியை ப்ராசசருக்கு அனுப்புவது சுத்தமான வழி. ஸ்ட்ரீமிங் செய்யும்போது மைக்ரோஃபோன் கலவையை முழுவதுமாக அணைக்க மறந்தால் அறைச் சத்தமும் கூடவே போகும்.

ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு விலை உண்டு. திசைசார் மைக்ரோஃபோன் ஆட்டத்தில் இருந்தே விலகிவிடுகிறது. ஒரே ஸ்பீக்கரில் பேச்சும் இரைச்சலும் வரும் அமைப்பிலும் அப்படித்தான். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தால், திசைசார் மைக்ரோஃபோன் வசதியான பீம்ஃபார்மருக்குப் பிரிக்க எதுவும் இல்லை. 'புது ப்ராசசர் வாங்கினேன், மதிப்பெண் அப்படியே இருக்கிறது' என்ற ஏமாற்றத்துக்குப் பல சமயம் காரணம் இதுதான். மறுபுறம், இரைச்சலை நேர் பின்னால் ஒரே ஸ்பீக்கரில் வைத்து எடுத்த எண் பீம்ஃபார்மரைக் கதாநாயகனாக்கிவிடும். நிஜ வாழ்க்கையில் இரைச்சல் ஒரே இடத்தில் நின்று காத்திருப்பதில்லை. இதற்கு நடுவில் நியாயமானது, கேட்பவரைச் சுற்றி 45 பாகைக்கு ஒன்றாக எட்டு ஸ்பீக்கர்கள் வைத்து உணவக இரைச்சலை ஒலிக்கவிடும் ஆர்-ஸ்பேஸ் அமைப்பு. இடமும் செலவும் பெரிது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே அரிது.

நேரமும் முக்கியம். தானியங்கி இரைச்சல் குறைப்பும் மெதுவாக இயங்கும் ஒலியழுத்தியும் நிலைபெறச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். வாக்கியத்தோடு சேர்ந்தே இரைச்சல் தொடங்கி, முடிந்ததும் நின்றுவிட்டால், ப்ராசசர் விழித்துக்கொள்வதற்குள் வாக்கியம் போய்விடும். அந்த வசதிகளை மதிப்பிட வேண்டுமானால் இரைச்சல் இடைவிடாமல் ஓட வேண்டும். ஒலியழுத்தியையே சோதிக்க வேண்டுமா? வாக்கியங்களை 50, 65, 80 டெசிபல் என மாற்றி மாற்றி, எது வரும் என்று தெரியாதபடி ஒலிக்கவிடும் ஸ்டார் சோதனை அதற்கென்றே உருவானது. மெல்லப் பேசுபவரும் உரத்துப் பேசுபவரும் மாறிமாறி வரும் மேசைக்கு இதுதான் நெருக்கம். ஒரே அளவில் வைத்து எடுத்த நல்ல மதிப்பெண் இதில் கணிசமாகச் சரிவதைக் கண்டால் மேப்பின் மெல்லொலி எல்லையையும் ஒலியழுத்தி அமைப்பையும் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் போடுபவரும் ஒரு கருவி

ஆங்கிலத்தில் சொல்லுக்கு ஒரு மதிப்பெண் என்பது தெளிவான விதி. தமிழில் அது உடனே தடுமாறும். 'வீட்டிலிருந்து' என்று ஒலித்ததைக் கேட்பவர் 'வீட்டில்' என்று சொன்னால் வேர் சரி, உருபு தவறு. பாதி மதிப்பெண்ணா, பூஜ்யமா? உருபுகளின் கடைசி அசைகள் மெலிந்து ஒலிப்பதால் இம்ப்ளாண்ட் பயனர்கள் இடறும் இடமும் அதுவே. வேருக்கே முழு மதிப்பெண் கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எழுத்து வழக்கில் பதிவான 'போகிறான்' என்பதைக் கேட்டவர் 'போறான்' என்று திருப்பிச் சொன்னால் கேட்டது சரி என்றே கொள்ள வேண்டும். வழக்கு மாறியதற்குத் தண்டனை கூடாது. 'போறா' என்று முடித்தால்தான் யோசிக்க வேண்டும். இந்த விதிகளைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்து, மதிப்பெண் போடும் எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். நேரடிக் குரலில் வாசித்துச் சோதிப்பதை அறவே விட்டுவிடலாம்: வாசிப்பவரின் அளவும் வேகமும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாறும், உதடும் தெரியும்.

ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானதா என்பதற்கு உருப்படிகளின் எண்ணிக்கையே ஆதாரம். 50 சொற்கள் கொண்ட பட்டியலில் 50 சதவீதம் எடுத்தவர் மறுமுறை 32-க்கும் 68-க்கும் இடையில் எதை எடுத்தாலும் அது தற்செயலாக இருக்கலாம் என்று 1978-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் வரும் பத்துப் புள்ளி ஏற்றத்தைப் புது மேப்பின் வெற்றி என்று கொண்டாடுவது அவசரம். இரண்டு பட்டியல் எடுப்பதற்கு ஆகும் கூடுதல் நிமிடங்கள் இதற்காகத்தான்.

வீட்டிலிருந்தே: எண்கள் சோதனை

இரைச்சலில் மூன்று எண்கள் ஒலிக்கும், கேட்டதைத் திரையில் அழுத்த வேண்டும். சரியென்றால் 2 டெசிபல் கடினம், தவறென்றால் 2 டெசிபல் எளிது. ஒரு சுற்றுக்கு 24 மும்மை எண்கள். மொழியறிவும் நினைவாற்றலும் அதிகம் தேவைப்படாது, மதிப்பெண் போட ஆள் வேண்டாம், மனப்பாடம் ஆகாது. பேச்சுத் தெளிவில்லாதவர்களுக்கும் பொருந்தும். தொடர்ந்து கண்காணிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மாதாமாதம் எடுத்துவந்த வரம்பு திடீரென 3–4 டெசிபல் மோசமானால் மைக்ரோஃபோன் மூடியை மாற்றிப் பார்த்து, மறுநாளும் அப்படியே இருந்தால் மையத்துக்குப் போகலாம். ஆனால் உரையாடல் திறனை இதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பத்துச் சொற்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு, எதிர்பாராத வாக்கியத்தைப் பின்தொடர்வது வேறு. உயிரொலியை மட்டும் பிடித்தே 'ஆறு', 'ஏழு' இரண்டையும் பிரித்துவிடலாம் என்பதால் அமைதியில் சொற்கள் சரியாக வராதவர்கூட இதில் நன்றாகச் செய்வதுண்டு.

எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாலும் அறிக்கையில் கேட்டு வாங்க வேண்டிய வரி இப்படி இருக்கும்: "அஸ்பயோ, பட்டியல் 4 மற்றும் 7, பேச்சு 60 டெசிபல்-ஏ, பத்துப் பேர் சலசலப்பு, +5, இரண்டும் முன்ஸ்பீக்கரில்; வலது இம்ப்ளாண்ட் மட்டும், இடது அடைத்து மூடப்பட்டது; ப்ரோக்ராம் 1, இரைச்சல் குறைப்பு அணைக்கப்பட்டது; 58, 63, சராசரி 60.5 சதவீதம், அதே நாளில் அமைதியில் 88."